ஷேக்ஸ்பியர் துன்பியலும் பள்ளிக்கூடப் படங்களும்: முதல் புராஜெக்ட் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது, ஷேக்ஸ்பியர் நாடகத்தையும் அதிலிருந்து வந்த இளைஞர் படத்தையும் ஒப்பிடலாம் என்று முடிவெடுப்பது வழக்கம். நல்ல தலைப்புதான். ஆனால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. இடப்பக்கம் நாடகம், வலப்பக்கம் படம், நடுவில் ஒரு கோடு. அவர் இவராக மாறினார், வாள் துப்பாக்கியானது, வெனிஸ் பள்ளிக்கூடமானது என்று முப்பது பக்கம் ஓடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “சரி, அதனால் என்ன?” என்று கேட்டால் பதில் இருக்காது.

அதைத் தவிர்க்க, தொடக்கத்திலிருந்தே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் சாவைக் கொண்டுவந்த காரணம் இன்றைய உலகத்துக்கு அப்படியே பொருந்தாது. அந்த இடத்தில் படம் எதை வைத்தது, அதனால் யார் மேல் பழி விழுகிறது? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கானவை.

1. எடுத்த நாடகம் துன்பியல்தானா என்று முதலில் பாருங்கள்

அமெரிக்கப் பள்ளிக்கூடப் பின்னணியில் வந்த ஷேக்ஸ்பியர் தழுவல்களில் மிகவும் பேர் வாங்கியவை இன்பியல் நாடகங்களிலிருந்து வந்தவை. 1999இல் வந்த ‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’ ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ (அடங்காப்பிடாரியை அடக்குதல்) நாடகத்தின் தழுவல். 2006இல் வந்த ‘ஷீ இஸ் தி மேன்’ ‘ட்வெல்த் நைட்’ (பன்னிரண்டாம் இரவு) நாடகத்தின் தழுவல். இவற்றைத் ‘துன்பியல் தழுவல்’ என்ற தலைப்பின் கீழ் போட்டால் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) நிலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம், துன்பியலில் தொடங்கி நல்லபடி முடியும் படங்கள். 2013இல் வந்த ‘வார்ம் பாடீஸ்’ ரோமியோ ஜூலியட் கதையை ஒரு நடைபிணத்துக்கும் உயிருள்ள பெண்ணுக்குமான காதலாக மாற்றியது, காதலர்கள் சாவதில்லை. இதைத் துணைச் சான்றாக வைக்கலாம். புராஜெக்டின் மையத்தில் வைக்காதீர்கள், உங்கள் கேள்விக்கு அது பாதி வழிதான் வரும்.

2. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குகிறவர்களுக்குச் சரியாக வரும் படங்கள் மூன்று.

‘ரோமியோ + ஜூலியட்’, 1996. இயக்கம் பாஸ் லுர்மன். டிகாப்ரியோவும் கிளேர் டேன்ஸும் நடித்தது. ஓடும் நேரம் 120 நிமிடம். வெரோனா பீச் என்ற கற்பனை நகரம். படப்பிடிப்பு பெரும்பகுதி மெக்சிகோவில். வசனம் ஷேக்ஸ்பியருடையதே, ஆனால் பெருமளவு வெட்டப்பட்டது.

‘ஓ’, 2001. இயக்கம் டிம் பிளேக் நெல்சன். ஒத்தெல்லோ கதை. தெற்குக் கரோலினாவில் ஒரு விடுதிப் பள்ளியின் கூடைப்பந்து அணிக்குள் நடக்கிறது. 95 நிமிடம். வசனம் முழுக்க இன்றைய பேச்சு.

‘ஹாம்லெட்’, 2000. இயக்கம் மைக்கேல் அல்மரேடா. நியூயார்க்கில் ‘டென்மார்க் கார்ப்பரேஷன்’ என்ற நிறுவனம். ஈத்தன் ஹாக் நடித்த ஹாம்லெட் படம் எடுக்கும் மாணவன். 112 நிமிடம். மூல வசனம், வெட்டப்பட்டது.

முதல் முறை எழுதுகிறீர்கள் என்றால் நான் ‘ஓ’ படத்தைத்தான் சொல்வேன். வசனம் புதிது என்பதால் ஒவ்வொரு மாற்றமும் இயக்குநரும் திரைக்கதையாசிரியரும் எடுத்த முடிவு என்று சந்தேகமில்லாமல் எழுதலாம். மூல வசனத்தை வைத்திருக்கும் படங்களில் எது நடிப்பு, எது வெட்டு, எது காட்சியமைப்பு என்று பிரித்துக் காட்டுவது தனி வேலை. ‘ஹாம்லெட்’ எடுத்தால் தலைப்பில் ‘பதின்பருவப் படம்’ என்று போடாதீர்கள். நாயகன் பள்ளி மாணவன் அல்ல. ‘இளைஞர்’ என்று போடுங்கள்.

தேடும்போது கவனம். ‘ஹாம்லெட்’ என்று தேடினால் 1948, 1990, 1996 படங்களும் வந்து நிற்கும். ‘ஓ’ ஒற்றை எழுத்து என்பதால் தேடுபொறியில் அகப்படவே மாட்டேன் என்கும். மெக்கி ஃபைஃபர், ஜாஷ் ஹார்ட்னெட் பெயர்களோடு சேர்த்துத் தேடுங்கள். ரோமியோ ஜூலியட்டுக்கு 1968 படமும் 2013 படமும் இருக்கின்றன. ஆண்டும் இயக்குநரும் இல்லாமல் படத்தின் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

தலைப்பைப் பதிவு செய்யும் முன் படம் கையில் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிடி தளங்களில் பழைய படங்கள் வரும், உரிமம் முடிந்ததும் போய்விடும். சமர்ப்பிக்கும் மாதத்தில் படம் தளத்தில் இல்லாமல் போனால் நேரக்குறியைச் சரிபார்க்கக்கூட வழியிருக்காது. டிஜிட்டலாக விலைக்கு வாங்கவோ டிவிடி வாங்கவோ முடிந்தால் அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த வேலையில் உண்மையிலேயே பணம் போகும் இடம் இது ஒன்றுதான்.

3. மூலப் பனுவலுக்குச் செலவே வேண்டாம்

ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் தன் பதிப்பின் பனுவலை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, பதிவிறக்கமும் செய்யலாம். அங்கம், காட்சி, வரி எண் எல்லாம் உண்டு. குட்டன்பர்க் தளத்திலும் நாடகங்கள் இலவசம், ஆனால் பொதுவாக வரி எண் இருக்காது, மேற்கோளுக்கு உதவாது. அடிக்குறிப்பு வேண்டும் என்றால் கல்லூரி நூலகத்தில் ஆர்டன் பதிப்பைக் கேளுங்கள்.

ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். பால்கனிக் காட்சி பெரும்பாலான பதிப்புகளில் 2.2 (இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி), ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த பதிப்புகளில் 2.1. ஹாம்லெட், ஒத்தெல்லோ இரண்டுக்கும் குவார்ட்டோ, ஃபோலியோ என்று வேறுபட்ட பழைய அச்சுகள் இருப்பதால் வரி எண் இன்னும் தள்ளாடும்.

இங்கே மூன்று கண்ணிகள். பக்கத்துக்குப் பக்கம் இன்றைய ஆங்கிலத்தில் விளக்கம் தரும் மாணவர் பதிப்புகளில், விளக்க வரியை ஷேக்ஸ்பியர் வரி என்று நினைத்து மேற்கோள் காட்டிவிடுவது ஒன்று. இரண்டாவது, 1996 படத்தின் சப்டைட்டிலைப் பார்த்து நாடக வரியை எழுதுவது. படத்தில் வரிகள் வெட்டப்பட்டு இடம் மாறியிருக்கும், சில வரிகள் வேறு ஆள் வாய்க்கே போயிருக்கும். மூன்றாவது, இணையத்தில் யாரோ காதால் கேட்டு எழுதிய திரைக்கதைப் படி. ‘ஓ’ படத்துக்கு இதை நம்பி எழுதினால் வசனம் தப்பாகிவிடும். படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நீங்களே எழுதுங்கள்.

4. நாடகம் முன், படம் பின்

வரிசையை மாற்றாதீர்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால் நாடகத்தைப் படிக்கும்போது, ‘ஓ’ படத்தில் அந்த வேடத்தில் வரும் ஹார்ட்னெட்டின் முகம்தான் ஒத்தெல்லோவின் வில்லன் இயாகோவுக்கு இருக்கும்; நாடகத்தில் வேறு என்னவெல்லாம் சாத்தியம் என்பது கண்ணில் படாது.

அடிக்குறிப்பு பார்த்துப் படிக்கும் புதியவருக்கு மணிக்கு 300 வரி என்று வையுங்கள். ரோமியோ ஜூலியட் சுமார் 3,000 வரி, பத்து மணி நேரம். ஒத்தெல்லோ சுமார் 3,500, பன்னிரண்டு மணி நேரம். ஹாம்லெட் ஏறக்குறைய 4,000, பதின்மூன்றுக்கு மேல். நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வாரம். அதற்குப் பிறகு படத்தை நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள், குறிப்பு எடுக்காமல். குறிப்பெடுக்கும் பார்வை அடுத்தது. படத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்கு பிடிக்கும். 95 நிமிடப் படத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரே நாளில் வேண்டாம்.

5. காட்சிப் பதிவேடு

ஒரு விரிதாளில் ஆறு பத்தி போதும்: நேரக்குறி, நாடகத்தில் அங்கமும் காட்சியும், யார் யாரிடம் பேசுகிறார், இடம், கையில் உள்ள பொருள், நாடகத்தில் இல்லாதது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரிசை என்று போனாலே ‘ஓ’ படத்துக்கு ஐம்பதை நெருங்கும். இரண்டாவது பத்தி பல இடங்களில் காலியாக இருக்கும். அந்தக் காலியிடங்கள்தான் உங்கள் கட்டுரைக்கான சரக்கு. நாடகத்தில் இல்லாமல் படம் சேர்த்தவை அங்கேதான் தெரியும்.

நேரக்குறியை மணி, நிமிடம், நொடி என்று முழுதாக எழுதுங்கள். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் மேலே குறித்து வையுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடி நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும். அதனால் 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடிடியில் சரியாக ஒரு மணி நேரத்தில் வரும் காட்சி அந்த டிவிடியில் 57 நிமிடம் 36 நொடியிலேயே வந்துவிடும். பாதிக் குறிப்பை டிவிடியிலும் மீதியை ஓடிடியிலும் எடுத்தால், வழிகாட்டும் பேராசிரியர் சரிபார்க்கும்போது ஒன்றுகூடப் பொருந்தாது.

6. ஒரு பொருளைப் பின்தொடருங்கள்

இந்தப் படியில்தான் புராஜெக்ட் நிற்கும், அல்லது விழும். பாத்திரங்களை ஒப்பிடாமல் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் நாடகத்திலும் படத்திலும் குறியுங்கள்.

ஒத்தெல்லோவின் கைக்குட்டையை எடுங்கள். 3.3இல் தலைவலி என்று சொல்லும் ஒத்தெல்லோவின் நெற்றியில் கட்ட அவன் மனைவி டெஸ்டிமோனா எடுக்கிறாள்; அவன் தள்ளிவிட, கீழே விழுகிறது. இயாகோவின் மனைவி எமிலியா எடுத்து அவனிடம் கொடுக்கிறாள். இயாகோ அதை, ஒத்தெல்லோவின் துணைத்தளபதி காசியோவின் அறையில் போடுகிறான். 3.4இல் காசியோ அதே வேலைப்பாட்டை இன்னொரு துணியில் செய்து தரச் சொல்லித் தன் காதலி பியாங்காவிடம் தருகிறான். 4.1இல் பியாங்கா கோபமாகத் திருப்பி எறிவதை ஒத்தெல்லோ மறைந்திருந்து பார்க்கிறான். இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று: அது எகிப்தியப் பெண் ஒருத்தி தன் தாய்க்குக் கொடுத்த மந்திரத் துணி என்று 3.4இல் சொல்லும் ஒத்தெல்லோ, 5.2இல் தன் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். எது உண்மை என்று நாடகம் சொல்வதே இல்லை.

‘ஓ’ படத்தில் அது ஸ்கார்ஃப். ஓடின் (ஒத்தெல்லோ) தன் குடும்ப வழி வந்த துணியை டெசிக்குக் (டெஸ்டிமோனா) கொடுக்கிறான். எமிலி (எமிலியா) எடுத்து ஹியூகோவிடம் (இயாகோ) தருகிறாள், ஹியூகோ மூலமாக மைக்கேலிடம் (காசியோ) போகிறது, மைக்கேல் பிராண்டியிடம் (பியாங்கா) கொடுக்கிறான். பாதை ஏறக்குறைய ஒன்றே. மந்திரம் மட்டும் கழன்றுவிட்டது. நாடகத்தில் அந்தத் துணி போனால் காதலே போகும் என்று ஒத்தெல்லோ ஒரு சாபத்தின் கனத்தோடு சொல்கிறான். படத்தில் அந்தக் கனம் இல்லை. ஒரு மாணவன் ஒரு ஸ்கார்ஃபுக்காகக் கொலை செய்வான் என்று பார்வையாளர் நம்ப வேண்டுமானால் வேறு எதையாவது அங்கே வைத்தாக வேண்டும்.

என்ன வைத்தார்கள் என்று பதிவேட்டின் காலியிடங்களில் பாருங்கள். ஹியூகோ பயிற்சியாளரின் சொந்த மகன். விருது மேடையில் அவன் அப்பா ஓடினை மகனைப் போல நேசிப்பதாகச் சொல்கிறார். ஓடின் அந்த விருதைப் பகிர்ந்துகொள்ள மைக்கேலை அழைக்கிறான். ஹியூகோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு போதைமருந்து வருகிறது. ஓடின் பந்தை வளையத்தில் திணிக்கும் போட்டியில் கண்ணாடிப் பலகையையே உடைத்து நொறுக்குகிறான். நாடகத்து இயாகோ தன் வெறுப்புக்கு ஒரு காரணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பான், கடைசியில் எதையும் சொல்ல மறுத்துவிடுவான். படம் அவனுக்கு ஒரு அப்பாவைக் கொடுத்துவிட்டது. பழி ஒரு மனிதனின் இருட்டிலிருந்து நகர்ந்து, வெற்றியைத் தவிர வேறெதையும் மதிக்காத வீடும் பள்ளியும் இருக்கும் பக்கம் சாய்கிறது. இது லாபமா நட்டமா என்று நீங்கள் முடிவு செய்து எழுத வேண்டும். என் கணக்கில், ஹியூகோ நாம் அறிந்த பையனாகிவிடுகிறான், அதனாலேயே இயாகோவின் பயங்கரம் கொஞ்சம் குறைகிறது.

ரோமியோ ஜூலியட் எடுத்தவர்கள் கடிதத்தைப் பின்தொடருங்கள். நாடகத்தில் ஜூலியட் 42 மணி நேரம் பிணம்போல் கிடப்பாள் என்ற செய்தி ரோமியோவுக்குப் போயாக வேண்டும். 5.2இல் அதைக் கொண்டுபோன துறவி, கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைக்கப்படுகிறார். ஊரையே பிடித்த நோய்; யாரையும் குறை சொல்ல முடியாது. படத்தில் கடிதம் கூரியரில் வருகிறது. ரோமியோ அந்த நேரம் அங்கே இல்லை. கூரியர்காரர் சீட்டு வைத்துவிட்டுப் போகிறார், அது அவன் கண்ணில் படுவதில்லை. இதையும் கல்லறைக் காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடகத்தில் ரோமியோ செத்த பிறகுதான் ஜூலியட் விழிக்கிறாள். படத்தில் அவன் விஷத்தை வாயில் வைக்கும் கணத்தில் அவள் கை அவன் கன்னத்தைத் தொடுகிறது. விதி என்ற பெரிய சொல்லை நொடிக்கணக்கான தவறுதலாகச் சுருக்குவதுதான் படம் நெடுக நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரோமியோ சாகும் முன் ஜூலியட் விழிப்பதை லுர்மன் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள். 1748இல் ஆங்கில நடிகர் டேவிட் கேரிக் மேடைக்காகத் திருத்திய வடிவத்திலேயே அது உண்டு.

ஹாம்லெட்டுக்கு ஒற்றுக்கேட்பதை எடுங்கள். 3.1இல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதற்குப் பதிலாக, படத்தில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவின் உடம்பிலேயே மைக்கை மாட்டி அனுப்புகிறார்கள். அது ஒன்றே ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

7. படம் விட்டுவிட்டதையும் எழுதுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. 1996 படத்தில் ரோமியோ, நாடகத்தில் செய்வதுபோல, ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸைக் கல்லறையில் கொல்வதில்லை. அதனால் கடைசிவரை அவன்மேல் நம் பரிவு குறையாது. இரு குடும்பங்களும் கைகோத்துச் சமாதானமாகும் நாடக முடிவும் படத்தில் இல்லை. காவல்துறைத் தலைவராக வரும் பிரின்ஸின் கண்டனத்தோடும் தொலைக்காட்சிச் செய்தியோடும் முடிகிறது. ‘ஓ’ படத்தில் சைப்ரஸும் துருக்கியரும் இல்லை. போர் என்ற வெளி நெருக்கடி போய் விளையாட்டு மட்டும் மிஞ்சுகிறது.

தேதியிலும் கவனம் வேண்டும். ‘ஓ’ 1999இலேயே படமாக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 20இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு வெளியீடு தள்ளிப்போய், 2001 ஆகஸ்ட் 31இல்தான் திரைக்கு வந்தது. அந்தச் சம்பவத்துக்கு எதிர்வினையாக எழுதிய கதை என்று எழுதினால் காலக்கணக்கே தப்பு.

8. வகுப்பில் திரையிடுவதானால்

‘ஓ’, ‘ஹாம்லெட்’ இரண்டும் அமெரிக்காவில் ஆர் சான்று பெற்றவை, அதாவது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். 1996 படம் பிஜி-13. ‘ஓ’ படத்தில் பாலியல் வன்முறை, போதைமருந்து, கழுத்தை நெரித்துக் கொல்வது, தற்கொலை எல்லாம் நேரடியாக உண்டு. பார்க்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், வேண்டாம் என்பவர் வெளியே இருக்க இடம் கொடுங்கள். பள்ளி வகுப்பு என்றால் முழுப்படம் போடவே வேண்டாம். நீங்கள் முன்பே பார்த்துத் தேர்ந்த இரண்டு மூன்று துண்டுகள் போதும்.

இந்தியாவில் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, அதன் ஊழியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தின் பணியோடு தொடர்புடையவர் மட்டும் பார்க்கும்படி படம் காட்ட இடம் தருகிறது. வெளியாட்களை அழைத்தால் அந்தக் காப்பு போய்விடும். திருட்டுப் பிரதியை அது நியாயமாக்கவும் செய்யாது. ஓடிடி கணக்குகளின் நிபந்தனைகள் பெரும்பாலும் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதால் விலைக்கு வாங்கிய டிவிடிதான் பாதுகாப்பு.

9. எழுதுவதும் சமர்ப்பிப்பதும்

மொத்தம் ஆறு வாரம் வையுங்கள்: படிக்க ஒன்று, பார்க்கவும் பதிவேட்டுக்கும் ஒன்று, எழுத இரண்டு, திருத்த ஒன்று, அச்சுக்கும் பைண்டிங்குக்கும் கையெழுத்துக்கும் ஒன்று. கடைசி வாரத்தைக் குறைக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போவார்கள், பேராசிரியர் விடுப்பில் இருப்பார்.

எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறை என்றால் நாடகத்துக்கு அங்கம், காட்சி, வரி மூன்றையும் புள்ளியிட்டுப் போடுங்கள். பக்க எண் வேண்டாம். படத்துக்கு நேரக்குறி. நூற்பட்டியலில் இயக்குநர், தயாரிப்பு நிறுவனம், ஆண்டு, பார்த்த பிரதி நான்கும் வர வேண்டும். நாடகத்தின் பதிப்பாசிரியர் பெயரை விட்டுவிடாதீர்கள். கருத்துத்திருட்டுச் சோதனை அறிக்கையில் நாடக வரிகள் சிவப்பாகக் காட்டும்போது, அவை மேற்கோள் என்று நிரூபிக்க அந்தப் பட்டியல்தான் உதவும். மேற்கோள் குறி போடாமல் ஒட்டிய ஷேக்ஸ்பியர் வரியும் அறிக்கையில் திருட்டுக் கணக்கில்தான் சேரும்.

வைவாவுக்குப் போகும்போது பதிவேட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். எந்தக் காட்சி என்று கேட்டால் நேரக்குறியோடு சொல்லலாம். பின்னிணைப்பாகவும் சேர்க்கலாம், நான்கைந்து பக்கம்தான் வரும்.